சாம்பலில் செம்பை எடுத்துவிடலாம். விஷத்தை யார் எடுப்பது?

கீழவைப்பார் கடற்கரையில் ஒரு சாயங்காலம். கருவாடு காயப்போடும் மணல் மேட்டுக்குப் பின்னால், சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே குப்பை எரிந்து அடங்கியிருந்தது. இரண்டு பையன்கள் கம்பால் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

"என்னல தேடுதிய?" என்று கேட்டேன்.

"வயரு அண்ணாச்சி. மேல இருக்க பிளாஸ்டிக் எரிஞ்சிட்டா உள்ள செம்பு மட்டும் நிக்கும்லா. கடையில எடுத்துக்கிடுவாங்க."

பழைய இரும்புக் கடையில் செம்புக்கு நல்ல விலை. அதனால் செம்பு சாம்பலில் கிடப்பதில்லை, யாராவது எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த வயரின் மேல்தோலில் காரீயம் இருந்திருக்கலாம். பிவிசி பிளாஸ்டிக் சூட்டில் சிதையாமல் இருக்க, பல காலமாகக் காரீயச் சேர்மங்களைக் கலந்து வந்திருக்கிறார்கள். அந்தக் காரீயத்தைத் தேடி யாரும் வரப்போவதில்லை. அது சாம்பலோடு கிடக்கும். காற்றடித்தால் உப்பளத்துக்குப் போகும், மழை பெய்தால் வைப்பாற்று முகத்துவாரத்துக்குப் போகும்.

குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் பற்றி இன்று நிறையப் பேசுகிறோம். "சாம்பலில் இருந்து உலோகத்தைப் பிரித்தெடுத்து விற்கலாம், கழிவே மிஞ்சாது" என்பது அந்தப் பேச்சில் அடிக்கடி வரும் வாக்குறுதி. அது பொய்யில்லை, பாதி உண்மை. லாபம் தரும் உலோகம் ஒன்று, விஷமாக இருக்கும் உலோகம் இன்னொன்று. முதலாவதை எடுக்கச் சந்தையே போதும். இரண்டாவதை எடுக்கச் சட்டம் வேண்டும், பணம் வேண்டும். நம் ஊரில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

எரித்தால் எல்லாம் போய்விடாதா?

போகாது. காகிதம், துணி, பிளாஸ்டிக் எல்லாம் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை. எரிந்தால் புகையாகவும் நீராவியாகவும் போய்விடும். உலோகம் தனிமம். எவ்வளவு சூடு கொடுத்தாலும் அது இல்லாமல் போகாது, இடம்தான் மாறும். உள்ளே போனது ஒரு கிராம் காட்மியம் என்றால், எங்கேயாவது ஒரு கிராம் காட்மியம் வெளியே வந்தே தீரும்.

இன்னொன்றும் நடக்கிறது. நவீன எரிஉலையில் ஒரு டன் குப்பையைப் போட்டால் சுமார் 200 முதல் 250 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். மண்ணும் கல்லும் கலந்த நம் ஊர்க் குப்பையில் இன்னும் கூடும். ஆக, ஒரு டன்னில் பரவிக் கிடந்த உலோகம் அதில் நான்கில் ஒரு பங்கு எடைக்குள் சுருங்கி வந்துவிடுகிறது. குழம்பு சுண்டச் சுண்ட உப்புக் கரிப்பதுபோலத்தான் இதுவும்.

சாம்பலில் இரண்டு வகை

உலையின் அடியில் விழுவது அடிச்சாம்பல். கண்ணாடித் துண்டு, ஆணி, டப்பா, உருகி உறைந்த அலுமினியம், செம்பு எல்லாம் இதில்தான் கிடக்கும். அளவில் அதிகம் இதுதான்.

புகையோடு மேலே போய், வடிகட்டியில் சிக்குவது பறக்கும் சாம்பல். ஒரு டன் குப்பைக்கு இருபது, முப்பது கிலோதான் வரும். ஆனால் விஷம் கூடும் இடம் இதுதான். காட்மியம் 767 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும், துத்தநாகம் 907 டிகிரியில். பாதரசத்துக்கு 357 டிகிரியே போதும். காரீயம் லேசில் கொதிக்காது என்றாலும், குப்பையில் உள்ள உப்பும் பிவிசியும் தரும் குளோரினோடு சேர்ந்து குளோரைடாக மாறினால் அதுவும் ஆவியாகிவிடும். இவையெல்லாம் புகையோடு மேலேறி, குளிர்ந்ததும் நுண்ணிய தூசியின்மேல் படிகின்றன. டையாக்சின் என்ற கொடிய நச்சுப் பொருளும் இந்தத் தூசியில்தான் வந்து ஒட்டும்.

ஐரோப்பிய ஆலைகளின் பறக்கும் சாம்பலில் ஒரு கிலோவுக்குப் பத்து கிராமுக்கு மேல் துத்தநாகமும், சில கிராம் காரீயமும் இருப்பது சகஜம். காட்மியம் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். கேட்க அற்பம்போலத் தோன்றும். ஆனால் காட்மியம் சிறுநீரகத்தில் சேர்ந்தால் பல ஆண்டுகள் அங்கேயே தங்கிவிடும். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தொடும். இவ்வளவு வரை பாதகமில்லை என்று அதற்கு ஒரு எல்லையே கிடையாது.

அடிச்சாம்பலில் இருந்து எடுப்பது எப்படி?

இது எளிய வேலை. பெரிய காந்தத்தின் கீழே சாம்பலை ஓடவிட்டால் இரும்பு ஒட்டிக்கொள்ளும். அலுமினியமும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது. அதற்குச் சுழல் மின்னோட்டப் பிரிப்பான் இருக்கிறது. வேகமாகச் சுற்றும் காந்த உருளைக்கு மேலே அலுமினியத் துண்டு வந்ததும், அதற்குள் மின்னோட்டம் தூண்டப்பட்டு அது எகிறிக் குதித்துத் தனியே விழும். கல்லும் கண்ணாடியும் நேராகக் கீழே விழும்.

சிங்கப்பூர் இதைச் செய்கிறது. அந்த நாட்டில் எரியக்கூடிய குப்பை எல்லாம் உலைக்குத்தான் போகும். சாம்பலைப் படகில் ஏற்றி, கடலுக்குள் அணைகட்டி உருவாக்கிய செமக்காவ் தீவில் கொட்டுகிறார்கள். 1999-ல் தொடங்கிய அந்த இடம் 350 ஹெக்டேர். அதைச் சுற்றிய கல்லணைக்கு உள்ளே நீர் கசியாத விரிப்பும் களிமண்ணும் போட்டிருக்கிறார்கள். 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் என்பது அரசின் கணக்கு. தீவின் ஆயுளை நீட்டிப்பதற்காக 2015 முதல் துவாஸ் பகுதியில் ஓர் ஆலை, அடிச்சாம்பலில் இருந்து இரும்பையும் மற்ற உலோகங்களையும் பிரித்தெடுக்கிறது. நல்ல வேலை, நமக்கும் பாடம்.

ஆனால் சிங்கப்பூர்க் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் போட முடியாது. அங்கே உலோக டப்பாக்கள் குப்பையோடு குப்பையாக உலைக்குப் போய்விடுகின்றன. இங்கே? பித்தளைத் திருகாணிகூடக் குப்பை வண்டிக்குப் போகாது. சைக்கிளில் வரும் பழைய இரும்பு வியாபாரி, தெருவில் பொறுக்குகிறவர், தூய்மைப் பணியாளர் என்று மூன்று நான்கு கை மாறுவதற்குள் விற்கக்கூடிய உலோகம் எல்லாம் போய்விடும். நம் ஊர்ச் சாம்பலில் விலைபோகும் உலோகம் குறைவு. விலைபோகாத உலோகம், அதாவது பெயின்ட், சாயம், பழைய பிவிசி, பென்சில் பேட்டரி, பொம்மைக்குள் இருக்கும் சர்க்யூட், உடைந்த டியூப்லைட் ஆகியவற்றில் வருவது, அப்படியே இருக்கும். லாபம் குறைகிறது, விஷம் குறையவில்லை.

பறக்கும் சாம்பலைக் கழுவ முடியுமா?

முடியும். உலகில் இதை ஒழுங்காகச் செய்யும் நாடு சுவிட்சர்லாந்து. எரியக்கூடிய குப்பையைக் குழியில் கொட்டுவதை 2000-லேயே தடைசெய்த நாடு அது.

அங்கே புகையைத் தண்ணீரால் கழுவும்போது, குளோரின் கரைந்து அமிலநீர் கிடைக்கிறது. அதையே எடுத்துப் பறக்கும் சாம்பலை அலசுகிறார்கள். துத்தநாகம், காட்மியம், காரீயம், செம்பு ஆகியவற்றில் பெரும்பகுதி கரைந்து வந்துவிடும். அந்தக் கரைசலில் துத்தநாகப் பொடியைத் தூவினால் காட்மியமும் காரீயமும் செம்பும் கீழே படியும். மிஞ்சிய துத்தநாகத்தைப் பிரித்து, மின்சாரம் செலுத்தித் தகடாக எடுக்கலாம். சோலோத்தூர்ன் அருகே சுக்வில் என்ற ஊரில் உள்ள ஆலை 2012 முதல் இப்படி மிகத் தூய துத்தநாகத்தை எடுக்கிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவிஸ் ஆலைகள் லாபத்துக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. 2016-ல் நடைமுறைக்கு வந்த கழிவு விதிகளில், பறக்கும் சாம்பலில் இருந்து உலோகத்தைப் பிரிப்பது கட்டாயம் என்று எழுதினார்கள், ஆலைகளுக்குக் கால அவகாசமும் கொடுத்தார்கள். துத்தநாகம் விற்ற காசு செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டும், அவ்வளவுதான். மீதியைக் குப்பை போடுகிறவர்கள் கட்டணமாகக் கொடுக்கிறார்கள்.

ஜெர்மனி வேறு வழியில் போகிறது. அங்கே பறக்கும் சாம்பலில் பெரும்பகுதியைப் பூமிக்கு அடியில் உள்ள பழைய உப்புச் சுரங்கங்களில் வைத்து மூடிவிடுகிறார்கள். 1972-ல் திறந்த ஹெர்ஃபா-நொய்ரோட நச்சுக் கழிவுக் கிடங்கு அப்படி ஒன்று. உப்புப் பாறைக்குள் நீர் புகாது என்பதுதான் காரணம். நாமும் உப்பு மாவட்டம்தான். ஆனால் நம் உப்பு பூமிக்கடியில் இல்லை, திறந்த வெயிலில் பாத்தியில் விளைகிறது. மேலே என்ன வந்து விழுகிறதோ அதுவும் உப்போடு சேரும்.

கப்பலேறிய சாம்பல்

சாம்பலுக்கு வழி செய்யாமல் உலையை மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. நிஜமாக நடந்தது.

1986-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் தன் எரிஉலைச் சாம்பலை 14,000 டன்னுக்கும் மேல் 'கியான் சீ' என்ற கப்பலில் ஏற்றி அனுப்பியது. பஹாமாஸ் வேண்டாம் என்றது. போன இடமெல்லாம் விரட்டினார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்தக் கப்பல் கடல் கடலாக அலைந்தது, பெயரையும் மாற்றிக்கொண்டது. 1988 தொடக்கத்தில் ஹைட்டி நாட்டின் கொனாயீவ் கடற்கரையில் ஏறத்தாழ 4,000 டன்னை 'உரம்' என்று சொல்லி இறக்கிவிட்டுப் போனது. மீதி அட்லாண்டிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் கொட்டப்பட்டது. ஆமாம், நாம் மீன் பிடிக்கிற இதே பெருங்கடல்தான். அந்த ஆண்டு நவம்பரில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தபோது கப்பல் காலியாக இருந்தது.

ஹைட்டியில் விட்டுப்போன சாம்பலை அள்ளித் திரும்ப எடுத்துச் செல்ல 2000 ஆகிவிட்டது. கடலில் கொட்டியதை யாரும் அள்ளவில்லை. எப்படி அள்ள?

"அனல்மின் சாம்பலில் கல் அறுக்கிறோமே?"

தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள் இப்படித்தான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979-ல் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு 210 மெகாவாட் திறனில் ஐந்து அலகுகளாக வளர்ந்தது. நிலக்கரிச் சாம்பலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் கடலோரக் குளங்களில் தேக்கிய காலம் உண்டு. 1999-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை போட்டது. அனல்மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் அறுக்கிறவர்கள் சாம்பலைக் கலந்தாக வேண்டும் என்றது. அதற்குப் பிறகுதான் சிமென்ட் ஆலைகளும் ஃபிளை ஆஷ் கல் பட்டறைகளும் சாம்பலைத் தேடி வர ஆரம்பித்தன. சட்டம் முன்னே போனது, சந்தை பின்னால் வந்தது.

ஆனால் நிலக்கரிச் சாம்பலும் குப்பைச் சாம்பலும் ஒன்றல்ல. குப்பையின் பறக்கும் சாம்பலில் உப்பும், நீரில் எளிதில் கரையும் காரீயமும் காட்மியமும் பலமடங்கு அதிகம். இரண்டையும் ஒன்றாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் நியூகாஸில் நகரம் சாட்சி. அங்கே பைக்கர் என்ற பகுதியின் எரிஉலையில் அடிச்சாம்பலையும் பறக்கும் சாம்பலையும் கலந்து, 1994 முதல் 1999 வரை மக்கள் காய்கறி போடும் தோட்டங்களின் நடைபாதைகளில் கொட்டினார்கள். பிறகு சோதித்தால் கன உலோகங்களும் டையாக்சினும். நகர நிர்வாகமே நீதிமன்றத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

நமக்கு எதற்கு இந்தக் கவலை?

கீழவைப்பாரில் எரிஉலை எதுவும் இல்லை. உண்மைதான். ஆனால் சென்னை கொடுங்கையூரில் எரிஉலைத் திட்டத்தை எதிர்த்து 2025-ல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். டெல்லி ஒக்லாவில் 2012 முதல் ஆலை ஓடுகிறது. அக்கம்பக்கத்துக் குடியிருப்புகள் அன்றிலிருந்தே புகார் சொல்கின்றன. எதிர்க்கரையில் இலங்கையும் இதே வழிக்கு வந்துவிட்டது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பை மலை சரிந்து 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பின் கெரவலப்பிட்டியவில் குப்பையில் மின்சாரம் எடுக்கும் ஆலை 2021-ல் திறக்கப்பட்டது. குப்பை மலை ஆளைக் கொல்கிறது, ஆகவே எரிக்க வேண்டும் என்ற வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். பெருநகரங்களுக்கு வேறு வழி குறைவு என்று சொல்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

நான் கேட்பது அடுத்த கேள்வியை. உலை நகரத்தில் இருக்கும், சாம்பல் எங்கே போகும்? நகரத்துக்குள் வைக்க இடமிருக்காது. ஆள் குறைந்த, குரல் எழும்பாத ஏதாவது ஒரு கடலோரத்துக்குத்தான் லாரி வரும். தூத்துக்குடிக்கு இது புதிதல்ல. ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடியது சரி என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று சொன்னபோது, 11 இடங்களில் குவித்த தாமிரக் கசடை அகற்றாததும் ஆலைமீதான குற்றங்களில் ஒன்று. 'கசடு ஆபத்தில்லாதது, நிலம் நிரப்ப நல்லது' என்றுதான் அதுவும் ஆரம்பித்தது.

இந்தக் கரைக்கு இழக்க நிறைய இருக்கிறது. எதிரே மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, 21 தீவுகள், 1986-ல் அறிவிக்கப்பட்டது. முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. சங்கு குளிப்பது மட்டும் இன்னும் நடக்கிறது. சிப்பி இனங்கள் தண்ணீரை வடிகட்டித்தான் சாப்பிடும். தண்ணீரில் துளியளவு இருக்கும் காட்மியமும் துத்தநாகமும் அவற்றின் சதையில் பல மடங்காகச் சேரும். கடலில் உலோகம் இருக்கிறதா என்று பார்க்க விஞ்ஞானிகள் சிப்பியைத்தான் முதலில் சோதிப்பார்கள்.

சங்கு குளிக்கிற ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். "தம்பி, கடல்ல எது விழுந்தாலும் அடியிலதான் போயி உக்காரும். சங்கும் அங்கதான கெடக்கு, நாங்களும் அங்கதான போறோம்" என்றார். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என்ன கேட்க வேண்டும்?

தமிழ்நாட்டில் எங்கே எரிஉலை வந்தாலும், உலைக்கு அனுமதி கொடுப்பதற்கு முன்னால் சாம்பலுக்குப் பதில் வந்தாக வேண்டும்.

முதலாவது, இரண்டு சாம்பலையும் கலக்கவே கூடாது. அடிச்சாம்பலில் உலோகத்தைப் பிரித்த பிறகு, சோதித்துப் பார்த்துச் சாலைக்கு அடியில் போடலாம். பறக்கும் சாம்பல் கல் பட்டறைக்கோ, நிலம் நிரப்பவோ போகக் கூடாது.

இரண்டாவது, நச்சு உலோகம் வரம்பை மீறினால் சாம்பலை அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. வரம்பு மீறியதா என்று யார் பார்ப்பது? சாம்பலை அமில நீரில் ஊறவைத்து எவ்வளவு உலோகம் கரைகிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. அதன் முடிவு ஒவ்வொரு மாதமும் தமிழில், ஆலை வாசலிலும் இணையத்திலும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பறக்கும் சாம்பலைக் கழுவி உலோகம் எடுக்கும் செலவையும், மிச்சத்தைப் பத்திரமாக வைக்கும் செலவையும் ஒப்பந்தம் போடும்போதே சேர்க்க வேண்டும். அதைச் சேர்த்தால் திட்டம் கட்டுப்படியாகாது என்றால், அந்தத் திட்டம் ஏற்கெனவே கட்டுப்படியாகாததுதான். மீதிச் செலவை யாரோ ஒரு கடலோர ஊர் கொடுக்கும் என்பதுதான் இப்போதைய கணக்கு.

நான்காவது நம் கையில் இருப்பது. உலைக்குள் போகாத உலோகத்தைச் சாம்பலில் இருந்து எடுக்க வேண்டியதில்லை. மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று இரண்டு கூடை வைத்துப் பழகிவிட்டோம். பேட்டரி, பல்பு, பெயின்ட் டப்பா, வயர், பழைய செல்போனுக்கு மூன்றாவது கூடை வேண்டும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் மின்னணுக் கழிவு விதிகளும், பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் வைக்கின்றன. அந்தப் பொறுப்பு ஊராட்சி அலுவலகத்தில் ஒரு டிரம்மாகவாவது வந்து நிற்க வேண்டும். நிரம்பினால் எடுத்துப்போக வண்டி வர வேண்டும். தூய்மைக் காவலருக்கு அதற்கென்று ஊக்கத்தொகையும் கையுறையும் வேண்டும்.

திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே தடைசெய்துவிட்டது. 5,000 ரூபாய் அபராதம். அந்தப் பையன்களிடம் போய் அபராதத்தைச் சொல்ல முடியுமா? வயரை உரித்துக் கொடுத்தால் எரித்த செம்பைவிடக் கூட விலை தருவேன் என்று பழைய இரும்புக் கடைக்காரர் சொன்னால் அவர்கள் எரிக்க மாட்டார்கள். எரிந்து கறுத்த செம்புக்கு விலை குறைவு என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். உரிக்க ஒரு சின்னக் கருவி ஊராட்சியில் இருந்தால் போதும்.

அன்று கிளம்பும்போது பையன்களிடம் கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னேன். நேராக ஆற்றுவாய்க்கு ஓடினார்கள். அங்கே குனிந்து கழுவினார்கள். சாம்பல் தண்ணீரில் கரைந்து போனது.